வடசேரிச் சந்தையும் விலையின் கணக்கும்

ஓணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வடசேரி கனகமூலம் சந்தைக்குள் நுழைந்தால் பேரத்தின் சுருதியே மாறியிருக்கும். "அண்ணாச்சி, நேத்து அறுபதுண்ணுல்லா பீன்ஸ் குடுத்தீய, இண்ணைக்கு எப்பிடி தொண்ணூறாச்சு?" என்று ஒரு அம்மா கேட்பார். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வந்த சரக்கெல்லாம் அங்கல்லா ஏறிப் போவுது அக்கா" என்பார். 'அங்க' என்றால் களியக்காவிளைக்கு அப்பால், கேரளம். அந்த அம்மா முணுமுணுத்தபடியே அரைக் கிலோ கேட்டதைக் கால் கிலோவாக்கி, பாக்கிக் காசுக்குத் தடியங்காய் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு நகர்வார். தேவை எங்கோ கூடினால் விலை இங்கே ஏறும், ஏறிய விலை வாங்குகிறவரின் கையைக் கட்டும், கட்டுண்ட கை மாற்றுப் பொருளைத் தேடும். மூன்றும் அரை நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன.

நாகர்கோவிலின் ஒரு பகுதிதான் வடசேரி. ஆனால் கிறிஸ்டோபர் பேருந்து நிலையம், காய்கறிச் சந்தை, கோயில் நகை செய்கிற பட்டறைகள் மூன்றும் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கின்றன. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பாண்டி நாட்டுச் சரக்கு, மேற்கே மாநில எல்லை, தெற்கே கடல், வடக்கே ரப்பர் மலை. பொருளியலின் அடிப்படை விதிகள் அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

கேள்வி பழையது. 1890-ல் வெளிவந்த தன் நூலில் ஆல்ஃபிரட் மார்ஷல், மனிதர்களின் அன்றாடப் பிழைப்பை ஆராய்வதுதான் பொருளியல் என்று தொடங்கினார். 1932-ல் லயனல் ராபின்ஸ் அதை இன்னும் இறுக்கினார்: ஆசைகள் பல, அவற்றை அடையும் வழிகள் சில, அந்தச் சிலவற்றை எதற்குச் செலவிடுவது என்ற தேர்வே பொருளியல். இந்த வரையறையில் பணம் என்ற சொல்லே வராது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1916-ல் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வரச் சொன்னார். அப்படி எழுதப்பட்டவற்றில் நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானும் ஒன்று. கோட்பாடு சரியா என்பதை ஊரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் செல்லும்.

தோவாளையிலிருந்து தொடங்கலாம். வடசேரியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தோவாளைப் பூச்சந்தை. உள்ளூர்ப் பிச்சி, மதுரை, சங்கரன்கோவில் பக்கத்து மல்லி, ஓசூர், பெங்களூர் ரோஜா எல்லாம் இருட்டோடு வந்து இறங்கும். வாங்குகிறவர்களில் பெரும்பகுதி கேரள வியாபாரிகள். மார்கழி, தைப் பனியில் மல்லி மொட்டு விடுவது குறையும். அதே நேரம் பொங்கலும் கல்யாண முகூர்த்தங்களும் வரும். அப்போது கிலோ ஆயிரங்களில் ஏறும் மல்லி, வெயில் காலத்தில் விளைச்சல் கொட்டும்போது சில நூறுகளுக்குள் விழுந்துவிடும். செடி அதேதான், பறிக்கும் கூலியும் ஏறக்குறைய அதேதான். விலையை நிர்ணயிப்பது செலவு மட்டும் அல்ல என்பதற்கு மல்லியைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

பூவுக்கு இன்னொரு குணம் உண்டு: காத்திருக்காது. அரிசி மூட்டையைக் கிடங்கில் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று உட்காரலாம். பிச்சிப் பூவை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. விடியலில் வியாபாரி சொல்லும் விலை உச்சியில் இருக்கும்; வெயில் ஏற ஏற அவர் குரல் இறங்கும்; வாங்குகிறவர் அதற்காகவே சும்மா சுற்றிக்கொண்டிருப்பார். சேமிக்க முடியாத சரக்கை விற்கிறவருக்குப் பேரத்தில் பலம் குறைவு. பூ விவசாயிகள் குளிர்பதனக் கிடங்கு கேட்டுக் குரல் கொடுப்பதன் உட்பொருள் இதுதான். குளிர்ச்சி ஒரு பங்கு என்றால், மறுநாள் வரை 'முடியாது' என்று சொல்லும் பலம் மறு பங்கு.

சேதி தெரிவதும் ஒரு பலம்தான். அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு வட கேரளக் கடற்கரையைப் பற்றியது. செல்போன் வருமுன் ஒரு கரையில் சாளை மீன் வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டப்பட்டது. பதினைந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1997-க்குப் பிறகு கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. கடலிலிருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்கத் தொடங்கியதும் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விலை மாறும்போது விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் ஆதாயம் அடைவது அபூர்வம். இங்கே இருவரையும் தின்றுகொண்டிருந்தது அறியாமை; அது போனதால் இருவருக்கும் மிஞ்சியது.

இனி அடுப்படி. 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறி, ஜூலை வாக்கில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. முந்தைய ஆண்டின் வறட்சி, வெள்ளை ஈ, இளநீராகவே வெட்டிப் போகும் காய்கள் என்று காரணங்கள் பல. நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அவியலும் தீயலும் துவரனும் தேங்காயில் பிறந்தவை. ஆனால் வீட்டுப் பெண்கள் செய்ததைக் கவனித்தால் ஒரு நுட்பம் தெரியும். தேங்காய் எண்ணெயைக் கைவிட்டவர்கள் சொற்பம். அப்பளமும் வற்றலும் பொரிக்க ரேஷன் கடையின் 25 ரூபாய் பாமாயில் வந்தது. அவியலை இறக்கும்போது மேலே விடும் பச்சை எண்ணெய் மட்டும் தேங்காய் எண்ணெயாகவே இருந்தது. பாடநூல் 'இறுதிநிலை' என்று சொல்வது இதைத்தான். மனிதர்கள் ஒரு பொருளை முழுதாக ஏற்பதோ விடுவதோ இல்லை; கடைசிக் கரண்டி எதற்குப் போக வேண்டும் என்றுதான் முடிவெடுக்கிறார்கள். மாற்று எளிதாகக் கிடைக்கும் இடத்தில் விலை ஏற்றம் உடனே உறைக்கும். ருசி பிணைந்துகிடக்கும் இடத்தில் உறைக்காது.

ரப்பரின் கதை நீளமான காலக் கணக்கு. தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பாலும் குமரி மாவட்டத்தில், குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம். 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போனபோது வீட்டு முற்றம் வரை கன்று வைத்தவர்கள் உண்டு. கன்று பால் தர ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும். அதற்குள் 2016 பிப்ரவரியில் விலை 100 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. அந்த நாட்களில் பல தோட்டங்களில் மரம் நின்றது, பால்வெட்டு நின்றது. வெட்டுகிறவருக்குக் கொடுக்கும் கூலிக்கும் பால் விற்கும் காசுக்கும் சரியாகப் போனால் வெட்டாமல் இருப்பதே மேல். நட்ட செலவு திரும்பி வராது. அதை நினைத்துக் கத்தி எடுப்பதில் அர்த்தமில்லை. 2024 ஆகஸ்டில் விலை மீண்டும் 240-ஐத் தாண்டியபோது, பொறுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நடுவில் மரத்தை வெட்டி விற்றவர்கள் அன்னாசி வியாபாரம் பேசினார்கள்.

மீனுக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் விசித்திரம், ஒரே கரையோரத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரை விதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கரை விதி: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஆக ஜூன் முதல் இரண்டு வாரம் இரு பக்கமும் விசைப்படகு கிடையாது. நாட்டுப் படகும் வள்ளமும் கொண்டுவருவதுதான் மீன். வடசேரிக் கடைகளில் நெய்மீனை விலை கேட்டுவிட்டு நெத்திலிக்கு இறங்கும் மாதம் அது. இந்தத் தடை ஏன் என்றால், கடல் யாருக்கும் சொந்தமில்லை. நான் விட்ட குஞ்சு மீனை அடுத்த படகு அள்ளும் என்று தெரிந்தால் நான் ஏன் விட வேண்டும்? 1968-ல் காரெட் ஹார்டின் இதைப் பொதுச் சொத்தின் துயரம் என்று எழுதினார்; அரசு கட்டுப்படுத்த வேண்டும் அல்லது தனியாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வழி வந்தவர்களின் முடிவு. எலினர் ஆஸ்ட்ரம் அதை மறுத்தார். ஊரார் தாங்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, மீறினவருக்கு அபராதம் போட்டுப் பொதுச் சொத்தைக் காத்த இடங்களை உலகெங்கும் தேடிக் காட்டினார்; 2009-ல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர். குமரிக் கடற்கரை ஊர்களில் தேவாலயப் பங்குக் கமிட்டிகள் எந்த வலை, எந்த நேரம் என்று கட்டுப்பாடு விதித்துவந்ததை அறிந்தவர்களுக்கு ஆஸ்ட்ரம் சொன்னது புதிதாகப் படாது.

நாஞ்சில் நாட்டின் பெரிய கேள்வி இது எதுவும் அல்ல. வயல் எங்கே போனது?

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மண் இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம். 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை அந்த வயல்களுக்காகக் கட்டப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று ஒரு போகத்துக்குச் சுமார் 6,500 ஹெக்டேர் என்ற அளவுக்கு நெல் சுருங்கிவிட்டது. மிச்சம் தென்னை, வாழை, அதற்கும் மேல் வீட்டு மனை. விவசாயிகளுக்குப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு தெரியும். 2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஒரு ஏக்கரில் 25 குவிண்டால் விளைகிறது என்று வைத்துக்கொண்டால் போகத்துக்கு 62,500, இரு போகத்துக்கு 1,25,000 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை எல்லாம் இதிலிருந்துதான் கழிய வேண்டும். அதே வயல் சாலையோரம் இருந்து, சென்ட் ஒரு லட்சம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் ஏக்கர் ஒரு கோடி. வங்கியில் 6 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு ஆறு லட்சம், சேற்றில் கால் வைக்காமல். நெல் பயிரிடுகிறவர் கையிலிருந்து செலவழிப்பது உரத்துக்கும் கூலிக்கும் மட்டுமல்ல; வாங்காமல் விட்ட அந்த ஆறு லட்சமும் அவர் செலவுதான். வாய்ப்புச் செலவு என்று இதற்குப் பெயர். ஏட்டில் எழுதப்படாத இந்தச் செலவுதான் வயலை விழுங்கியது.

இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போனால் சொத்துரிமையின் கதை வருகிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத் தலைவரான காரணவர் சொத்தை நிர்வகிப்பார், ஆனால் தன் மனைவி மக்களுக்கு அதில் சொற்பமே எழுதி வைக்கலாம். தேரூர் கவிமணி தேசிய விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதிச் சிரிக்கச் சிரிக்க அடித்தது இந்த முறையைத்தான். பொருளியல் கண்ணால் பார்த்தால், நிர்வாகம் ஒருவர் கையில், பலன் இன்னொருவர் வாரிசுக்கு என்று பிரித்துவைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது: காரணவர் தன் பிள்ளைகளுக்காகச் சத்தமில்லாமல் ஒதுக்கினார், மருமக்கள் நீதிமன்றம் ஏறினார்கள், வக்கீல்கள் பிழைத்தார்கள். 1926-ல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பாகப்பிரிவினைக்கும் பிள்ளைகளின் உரிமைக்கும் வழி திறந்தது. நியாயமான சீர்திருத்தம். அதன் மறுபக்கமாக, சேர்ந்து கிடந்த நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டானது. இருபது சென்ட் வயலுக்கு அறுவடை எந்திரம் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. துண்டு சிறுத்தால் செலவு ஏறும். வயல் மனையானதற்குச் சந்தை விலை ஒரு காரணம் என்றால் இந்தத் துண்டாடல் இன்னொன்று.

இந்த இடத்தில் கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறது. வயல் மழைநீரைப் பிடித்து நிறுத்தும். பக்கத்துக் கிணறு அதனால் ஊறும். குளம் நிறைந்தால் தெருவுக்கு வெள்ளம் வராது. இந்தச் சேவைக்கு வயற்காரருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. வயலை மண்ணடித்து மூடினால் வறளும் கிணற்றின் சொந்தக்காரருக்கும் யாரும் நஷ்டஈடு கொடுப்பதில்லை. 1920-ல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பிகு இத்தகைய புறச்செலவுகளைப் பற்றி விரிவாக எழுதி, அவற்றுக்கு வரி போட வேண்டும் என்றார். நூறாண்டு கழித்தும் நாகர்கோவிலைச் சுற்றிச் சென்ட் கணக்கில் விற்கும் நிலத்தின் விலையில் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பைசா சேரவில்லை. விலை பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. தண்ணீரைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லைக்கு வந்தால் பொருளியல் இரவிலும் வேலை செய்வதைப் பார்க்கலாம். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதற்கும் முன்னால் திருவிதாங்கூருக்கெனத் தனி நாணயம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் அரைச் சக்கரம் கூடுதல். எல்லை என்பது எப்போதுமே இங்கே ஒரு விலை வித்தியாசம். இன்றைய வித்தியாசம் கூலியில். ரிசர்வ் வங்கி தொகுத்த 2021-22 கணக்கில் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் சுமார் 838 ரூபாய், தமிழ்நாட்டில் 479, நாடு முழுவதற்குமான சராசரி 373. வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலைப் பேருந்துகளில் சாந்துக் கரண்டியும் தூக்குவாளியும் ஏறுவதற்கு இந்த மூன்று எண்களே போதுமான விளக்கம். கேரளத்துக்கும் நாகர்கோவிலுக்கும் வங்காளத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் பிள்ளைகள் வருவதற்கும் இதுவே விளக்கம்.

எதிர்ப் பக்கமாக அரிசி போகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே அரிசியைத் தீட்டி விற்றால் காசு. ஒரு பக்கம் பூஜ்யம், மறு பக்கம் இருபதோ முப்பதோ என்றால் நடுவில் பள்ளம் இருக்கிறது. வாகனச் சோதனையில் மூட்டைகள் பிடிபடுவது வாரந்தோறும் வரும் செய்தி. சோதனையை இறுக்கினால் கடத்துகிறவரின் ஆபத்துக் கூலி கூடும், விலை கொஞ்சம் ஏறும், பள்ளம் தூராது. இதைச் சொல்லி இலவச அரிசியையே குறை கூறுகிறவர்கள் உண்டு. அது தவறான முடிவு. பஞ்சம் மறந்த மாநிலம் என்று தமிழ்நாட்டைச் சொல்ல முடிவதற்கு அந்த அரிசி ஒரு பெரிய காரணம். கசிவு அந்தத் திட்டத்தின் செலவு. அதைக் குறைக்க வேண்டும், அதற்காகத் திட்டத்தை மூட வேண்டியதில்லை.

விலையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கப் பேருந்து நிலையத்தைவிட நல்ல இடம் கிடையாது. அரசுப் பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சென்னைக்கும் கோவைக்கும் வண்டி பிடிக்க நிற்கும் கூட்டத்துக்கும், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கும் அதே டிக்கெட். விலை அசையாதபோது வேறு ஏதாவது அசைய வேண்டும். வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் உள்ளே பறக்கும். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்குச் சொந்தம். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த உரிமையைப் பெரும்பாலும் எல்லோரும் மதிக்கிறார்கள், மதிக்காதவரிடம் சண்டை வரும். காசில் கட்டாததை மக்கள் நேரத்திலும் உடல் பலத்திலும் கட்டுகிறார்கள். ஓட முடியாத முதியவரும் கைக்குழந்தைக்காரியும் இந்த ஏலத்தில் தோற்பார்கள். அந்தப் பக்கம் நிற்கும் ஆம்னி பேருந்தில் அடிதடி கிடையாது. விலை மூன்று மடங்கு. அங்கே தோற்பவர் வேறு ஆள். ரயிலில் 60 நாள் முன்னதாக முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் பொங்கல் டிக்கெட் முடிந்துபோவதும் இதே சங்கதிதான். அங்கே வெல்வது வேகமான இணையமும் பழகிய விரலும். எந்த முறையில் பங்கிட்டாலும் யாரோ வெளியே நிற்பார்கள். யாரை நிறுத்துவது என்பதைப் பொருளியல் முடிவு செய்யாது; மறைந்திருக்கும் அந்தத் தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது வெறும் சேமிப்பல்ல. முன்பு பஸ் காசு போக மிஞ்சாது என்று விட்ட தூரத்து வேலை இப்போது கட்டுப்படியாகிறது. இன்னொரு பக்கம், இலவச வண்டிக்கு முக்கால் மணி நேரம் நிற்பதா, பத்து ரூபாய் கொடுத்து மினி பஸ்ஸில் ஏறுவதா என்று ஒவ்வொருத்தியும் தன் நேரத்துக்கு விலை போட்டுப் பார்க்கிறாள். ஆனால் 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. டிக்கெட் விலை பூஜ்யம். ஏறும் விலை பூஜ்யமில்லை. தேவை, அளிப்பு என்ற இரண்டு கோடுகளை எப்படி வரைந்தாலும் அந்தப் படியில் நடந்ததை விளக்க முடியாது. அதற்குச் சாதியும் இளக்காரமும் தெரிந்திருக்க வேண்டும்.

வடசேரியின் பெருமை கோயில் நகை. சாமி சிலைகளுக்கும் ஆடுகிறவர்களுக்கும் தங்கத்தில் செய்து தொடங்கிய கலை. இப்போது பெரும்பாலும் வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல்லைப் பதித்து, கல்லைச் சுற்றிச் சொக்கத் தங்க ரேக்கை அழுத்தி ஒட்டி மெருகேற்றுகிறார்கள். நெத்திச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கோடி, ஜடைநாகம், ஒட்டியாணம் என்று ஒரு பரதநாட்டியக் கலைஞருக்கு வேண்டிய முழு 'செட்' தயாராக வாரக்கணக்கில் கண் வலிக்க உட்கார வேண்டும். அதே தோற்றத்தில் அச்சில் வார்த்த செம்பு நகை கடைக்கடையாகக் கிடைக்கிறது, அதுவும் 'டெம்பிள் ஜுவல்லரி' என்ற பெயரிலேயே. வாங்குகிறவருக்கு மேடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான்.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதே நோயைச் சொன்னது. சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். அந்த விலைக்கு நல்ல சரக்குக்காரருக்குக் கட்டாது. அவர் கடையை மூடுவார். சந்தையில் மட்டமானது மட்டும் மிஞ்சும். இதற்காக 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. வடசேரிப் பட்டறைகளில் அடுத்த தலைமுறை கையில் உளி எடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். நாகர்கோவில் கோயில் நகைக்கு அளிக்கப்பட்ட புவிசார் குறியீடு, அறியாமையைப் போக்கும் ஒரு முத்திரை. குமரி மட்டிப் பழத்துக்கு 2023-லும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-லும் அதே முத்திரை வந்தது. முத்திரை மட்டும் போதாது என்பது என் எண்ணம். அதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் அறியாதவரை, சான்றிதழ் பட்டறைச் சுவரில் தொங்கும், விலை செம்பு நகையோடு மல்லுக்கட்டும்.

தங்கம் விலை ஏறியது இந்தக் கதையில் எதிர்பாராத திருப்பம். 2024 மார்ச் இறுதியில் பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஜூலையில் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாக ஒன்றிய அரசு குறைத்தபோது அன்றைக்கே பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில் இறங்கி, பிறகு மறுபடியும் ஏறி, 2025 அக்டோபரில் 90,000-ஐயும் கடந்தது. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது விதி. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் இந்த விதி திணறும்: 'இன்னும் ஏறும்' என்ற பயத்தில் கடன் வாங்கியாவது இன்றே வாங்குகிறார்கள். இழப்பின் பயம் லாபத்தின் ஆசையைவிட வலியது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் காட்டினார்கள். ஆனால் இந்த வீடுகளில் பயம் எண்ணத்தில் மட்டும் இல்லை. பவுன் கணக்கு குறைந்தால் சம்பந்தி வீட்டில் மகளின் மரியாதை குறையும் என்பது அனுபவத்தில் கண்ட கணக்கு. அதைப் பகுத்தறிவற்ற செயல் என்று சொல்லும் பொருளியலாளருக்கு மகள் இல்லை என்று அர்த்தம்.

சந்தைக்குள் விலை எழுதப்படாத இன்னொரு சரக்கும் புழங்குகிறது, நம்பிக்கை. காய்கறி வாங்கி முடித்ததும் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே போடுவார். கொசுறு. புதிய முகத்துக்குக் கேட்டால்தான் விழும்; பழகிய முகத்துக்குக் கேட்காமலே விழும், அழுகல் தக்காளி விழாது. மானுடவியலாளர் கிளிஃபர்டு கீர்ட்ஸ் மொராக்கோ நாட்டுச் சந்தையொன்றைப் படித்து 1978-ல் எழுதியது இதைப் பற்றித்தான்: எது நல்ல சரக்கு, எது நியாய விலை என்று தேடுவதே பெரிய செலவாக இருக்கும் இடத்தில், ஒரே கடைக்காரரிடம் போய்க்கொண்டிருப்பது அந்தச் செலவை மிச்சப்படுத்தும் வழி. சீட்டுப் போடுவதும் அப்படியே. தெருவுக்குள் இருபது பேர் சேர்ந்து போடும் சீட்டில் ஜாமீன் பத்திரம் கிடையாது. ஏமாற்றினால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் காட்ட முடியாது என்பதுதான் ஜாமீன். வங்கி மேலாளர் ஒரு மாதம் விசாரித்தாலும் தெரிந்துகொள்ள முடியாத குணத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பத்தாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதன் குறையும் அங்கேயே இருக்கிறது: அந்தத் தெருவில் வீடு கிடைக்காதவர்களுக்கு அந்தச் சீட்டிலும் இடமில்லை.

ஆக, விதிகள் எவ்வளவு தூரம் வருகின்றன? பூவும் மீனும் எண்ணெயும் ரப்பரும் போல வேகமாகக் கைமாறும் சரக்கில் மிக நன்றாகவே வருகின்றன. சந்தையில் இருக்கிறவர்கள் பெயர் தெரியாமலே அவற்றைத் தினமும் கடைப்பிடிக்கிறார்கள். விலை கட்டப்பட்ட இடங்களிலும், எல்லையிலும், யார் எதில் கட்டுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கின்றன. தண்ணீர், மரியாதை, சாதி, மகள் கல்யாணம் என்று வரும்போது பாதி வழியில் நின்றுவிடுகின்றன. அந்தப் பாதியோடு நின்று முழுதும் சொல்லியாயிற்று என்கிற பொருளியலும், விலைவாசியெல்லாம் வியாபாரிகளின் சூழ்ச்சி என்று ஒரேயடியாக ஒதுக்கும் பேச்சும் ஒரே அளவுக்குச் சோம்பல்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதிவைத்த கிராமங்களை 1930-களில் வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் போனார்கள். அதனால் கங்கைகொண்டானில் ஒரு தலைமுறைக்குள் நிலம் எப்படிக் கைமாறியது என்று இன்று சொல்ல முடிகிறது. நாகர்கோவிலின் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பொருளியல் படித்து வெளியேறுகிறார்கள். கனகமூலம் சந்தையின் தினசரி விலை, தோவாளையில் விடியலிலும் வெயிலேறிய பிறகும் பூ விற்கும் விலை, நடவுக் கூலி, சென்ட் விலை, பக்கத்துக் கிணற்றின் ஆழம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு வகுப்பும் தன் முறைக்கு எழுதி அடுத்த வகுப்பிடம் ஒப்படைத்தால், இருபது ஆண்டில் நாஞ்சில் நாட்டுக்கென ஒரு கணக்கேடு இருக்கும். செலவு நோட்டுப் புத்தகமும் பேருந்துக் காசும்தான். பேராசிரியர்கள் மனம் வைத்தால் வருகிற கும்பப்பூவிலேயே தொடங்கலாம்.